அந்த ஜீரோவை நான்தான் சொன்னேன்

தொழிற்சாலைப் பாதுகாப்பு வாரத்துக்குப் போடும் மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லி எங்கள் பழைய கம்பெனியிலிருந்து போன வாரம் போன் வந்தது. "இனிய நினைவுகளா இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றாள் பேசிய பெண். நல்ல பெண்தான். என் இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். பேச்சோடு பேச்சாக, சரக்கு தயாராகும் புது ரியாக்டர் கலத்துக்கு எல்லாமே கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டது என்றும் சொன்னாள். "ஜீரோன்னு பச்சையா வந்தாத்தான் மூடியோட பூட்டே திறக்கும் மேடம். உங்க காலத்து பயமெல்லாம் இப்ப இல்ல."

அப்போது சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. எங்கள் காலத்திலும் ஜீரோ வந்ததம்மா. நன்றாகவே வந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், கல்யாணத்தோடு அம்பத்தூர், அம்பத்தூர் வந்த ஆறாம் மாதம் எஸ்டேட்டில் வேலை. வாசனைப் பொருள் செய்யும் நடுத்தரமான கம்பெனி. பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு பல வருஷம், பிறகு புதுச் செய்முறைகளைச் சின்ன அளவில் செய்து பார்க்கும் பிரிவில் மீதி வருஷங்கள். கோபம் வந்தால் எனக்கு வாய் நீளும். அதனாலேயே பதவி உயர்வுகள் தாமதமாக வந்தன என்று என் கணவர் சொல்வார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் வரதன் சார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மடித்த கைக்குட்டையை ஸ்டூலில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்து ஒரே கேள்விதான். "எப்படித் தெரியும்?" வினை முடிந்துவிட்டது சார் என்றால், எப்படித் தெரியும். தண்ணீர் சுத்தம் சார் என்றால், எப்படித் தெரியும். மழை வரும்போல இருக்கிறது சார் என்று ஒருநாள் சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த மனிதரோடு வேலை செய்வது பரீட்சை எழுதுவது மாதிரி, அதுவும் தினமும்.

எங்கள் சரக்கு ஒன்றில் ஒரு கட்டத்தில் மூலக்கூறைத் தண்ணீரால் வெட்ட வேண்டும். வெட்ட அமிலம் வேண்டும். கந்தக அமிலம் ஊற்றுவோம். வெட்டி முடிந்ததும் அமிலத்தைச் சாகடிக்கக் காரம் ஊற்றுவோம். இரண்டும் சேர்ந்தால் உப்பு. அந்த உப்புத் தண்ணீர் லாரி லாரியாகப் போகும். ஒவ்வொரு லாரி கிளம்பும்போதும், இது எங்கேதான் போய்ச் சேருகிறதோ என்று நினைப்பேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் குளிக்கக்கூட ஆகாது, அவ்வளவு உவர்ப்பு. அதற்கும் எங்கள் லாரிக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் காலையில் அந்தத் தண்ணீரில் முகம் கழுவும்போதெல்லாம் எனக்கு லாரி ஞாபகம் வந்துவிடும்.

ஒருநாள் வரதன் சார் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை மேஜையில் வைத்தார். கந்தக அமிலமே வேண்டாம், தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் போதும் என்றது அது. சோடா குடித்தவர்களுக்குப் புரியும். தண்ணீருக்குள் அந்த வாயுவை அடைத்தால் நாக்கில் சுருக்கென்று புளிக்கும். அந்தப் புளிப்புதான் அமிலம். சோடா பாட்டிலைவிடப் பல மடங்கு அழுத்தி அடைத்தால் வெட்டுகிற அளவுக்கு அமிலம் கிடைக்கும். அதே வாயு, தண்ணீரோடு சேராமல் எண்ணெயாக மிதக்கும் எங்கள் மூலப்பொருளுக்குள்ளும் புகுந்து அதை இளக்கிவிடும். ஆக இந்தக் கலவையே கரைப்பான், அதுவே அமிலம். வேலை முடிந்ததும் வாயுவைத் திறந்து விட்டால் புளிப்பு போயிற்று, அப்புறம் வெறும் தண்ணீர். காரம் வேண்டாம், உப்பு வேண்டாம், லாரி வேண்டாம்.

டிபன் கேரியர் அளவு எஃகுக் கலத்தில் ஆரம்பித்தேன். முதல் முறை சரக்கு வெட்டுப்பட்டு வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். சார் கைக்குட்டையை விரித்தார். "அமிலம்தான் வெட்டிச்சுன்னு எப்படித் தெரியும்?" திறந்த பிறகு சோதித்தால் தண்ணீரில் புளிப்பே இல்லையே! ஒரு வாரம் எனக்கு எரிச்சல். பிறகு கலத்துக்குத் தடித்த கண்ணாடி ஜன்னல் ஒன்று பொருத்தி, தண்ணீரில் மெத்தில் ஆரஞ்சு சாயம் இரண்டு சொட்டு விட்டு வாயுவை ஏற்றினேன். மஞ்சளாக இருந்த தண்ணீர் கண்ணெதிரே சிவந்தது. வாயுவை இறக்கினேன். சிவப்பு மெல்ல மெல்ல மறைந்து மறுபடி மஞ்சள். சார் அதை மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை லேசாகச் சிரித்தார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் நான் வாங்கியதில்லை.

அப்புறம் மூன்று வருஷம். கெஞ்சிக் கூத்தாடி, ஷெட்டின் மூலையில் ஐம்பது லிட்டர் பழைய ரியாக்டர் ஒன்றை வாங்கினேன். அதற்கு அடியில் வடிகால் கிடையாது. மேலே கனத்த எஃகு மூடி, மூடியைச் சுற்றிப் பன்னிரண்டு நட்டு. சரக்கை எடுக்க மூடியைத்தான் திறக்க வேண்டும். வேலை நடக்கும்போது உள்ளே எழுபது பார் அழுத்தம் இருக்கும். லாரி டயருக்குள் இருப்பதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு.

இதை எப்படி இறக்குவோம் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது. மூடியிலிருந்து ஒரு குழாய் வெளியே போகும். அதில் இரண்டு வால்வு. மூடியை ஒட்டி ஒன்று, அதை மூடி வால்வு என்போம். ஒரு முழம் தள்ளி இன்னொன்று, வெளி வால்வு. இரண்டுக்கும் நடுவில் அழுத்தம் காட்டும் கேஜ். அந்த ரியாக்டருக்கு இருந்தது அந்த ஒரே கேஜ்தான். மூடி வால்வு எப்போதும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் கேஜுக்கு உள்ளே இருப்பது தெரியும். வெளி வால்வைத்தான் கால் திருகு, கால் திருகாகத் திறப்போம். வாயு புஸ்ஸென்று வெளியேறும்போது பயங்கரமாகக் குளிரும், குழாயில் வெள்ளையாகப் பனி பூக்கும். நிறுத்துவோம். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுவோம். மறுபடி கால் திருகு. அவசரப்பட்டால் வாயு குழாய்க்குள்ளேயே உறைந்து கட்டியாகிவிடும். கல்யாண மேடையில் புகை வரவைப்பார்களே, அந்த டிரை ஐஸ்தான். ஒழுங்காக இறக்க ஒரு மணி நேரம் ஆகும். இறங்கிய பின் நான் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் நட்டுகளைக் கழற்றும் பிட்டர் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

சட்டம் இப்படி. வழக்கம் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. சீட்டுப் புத்தகம் மாடியில் ஆபீஸில் இருக்கும். போய் வர அலுப்பு. அதனால் வாயால் சொல்லிவிட்டு, டீ நேரத்தில் இரண்டு மூன்று சீட்டுக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவோம். "பேப்பர் அப்புறம்" என்பது எங்கள் ஷெட்டில் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்கும் வாக்கியம். அதை ஆரம்பித்து வைத்த புண்ணியவதிகளில் நானும் ஒருத்தி.

பிட்டர் தேவராஜ். அண்ணனூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். சும்மா இருக்கும்போது எதையாவது நக்கல் அடித்துக்கொண்டே இருப்பார். என் ரியாக்டருக்கு அவர் வைத்த பெயர் சோடா டேங்கு. "இன்னா மேடம், இன்னைக்கு பன்னீர் சோடாவா, லெமனா?" என்பார் காலையில் வந்ததும். கையில் வேலை கொடுத்துவிட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

அன்றைக்கு அந்தச் சரக்கை வாங்கப்போகும் கம்பெனி ஆட்கள் வருவதாக ஏற்பாடு. மூடியைத் திறந்து, அவர்கள் கண் முன்னால் சரக்கை எடுத்து, மிஞ்சும் தண்ணீரில் உப்பில்லை என்று காட்ட வேண்டும். பிடித்துப்போனால் பெரிய ப்ளாண்ட். என் மூன்று வருஷமும் அந்த அரை மணியில் இருந்தது. நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், மூன்று மணிக்கே வந்துகொண்டிருந்தார்கள். பேக்டரி மேனேஜர் சம்பத் ஷெட் வாசலில் நின்று கத்தினார். "கோமதி மேடம், வேலப்பன்சாவடி தாண்டிட்டாங்களாம்! ரெடியா?"

ரெடி இல்லை. அழுத்தத்தை இறக்கவே அப்போதுதான் ஆரம்பித்திருந்தேன். வெளி வால்வு வேறு பனியில் இறுகி, கால் திருகு கேட்டால் அசையாமல் நின்றது, பலமாகத் திருகினால் ஒரேயடியாக முக்கால் திறந்தது. எனக்கு ஒரு புத்தி தோன்றியது. வெளி வால்வை முழுக்கத் திறந்து விட்டுவிடுவது, மூடி வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது. மூடி வால்வு நன்றாகத் திரும்பும். யாருக்கும் தெரியாத வித்தை இல்லை அது. செய்யக் கூடாது என்று நானே சுவரில் எழுதி ஒட்டியிருந்த வித்தை.

கேஜில் முள் அழகாக இறங்கியது. எழுபது, நாற்பது, பதினைந்து, ஜீரோ. பத்தே நிமிஷம். ஒரு மணி நேரம் ஆக வேண்டியது பத்து நிமிஷத்தில் எப்படி ஆனது என்று நான் யோசித்திருக்க வேண்டும். மூடி வால்வு வெள்ளை வெளேரென்று பனி மூடிப்போய் இருந்தது. அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"ஜீரோ. கழட்டுங்க தேவராஜ்."

அவர் ரியாக்டரை ஒட்டிய மேடைமேல் ஏறி நின்று முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்குள்ளயா மேடம்?"

"ஜீரோதான். நீங்களே பாருங்க."

"பேப்பரு?"

"பேப்பர் அப்புறம். வந்துட்டாங்கப்பா, கழட்டுங்க."

அவர் ஸ்பேனரை எடுத்தார். எதிரும் புதிருமாக ஒவ்வொரு நட்டையும் அரைத் திருகு தளர்த்துவது முறை. மூன்றாவது நட்டில் நின்றார். "ஏன் மேடம், இன்னைக்கு நட்டெல்லாம் இம்மாம் டைட்டா கீது?"

"பழைய நட்டு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். வாசல் பக்கம் கார் சத்தம் கேட்கிறதா என்று காதை அங்கே வைத்திருந்தேன்.

ஒன்பதாவது நட்டுத் தளர்ந்தபோது மூடியின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சீறல். அதே நொடியில் கேஜில் முள் துள்ளி நாற்பதைத் தாண்டியது. குழாய்க்குள் அடைத்திருந்த பனிக்கட்டி விட்டுக்கொடுத்துவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்தது. ஜீரோ என்று முள் காட்டியது கட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த வெறும் குழாயை. அந்தப் பக்கம் ரியாக்டர் நிறைய வாயு அப்படியே இருந்திருக்கிறது. மூன்றே மூன்று நட்டு இறுக்கமாக இருக்க, அந்த மூடிமேல் ஒரு மனிதன் குனிந்து நிற்கிறான்.

நான் அவரைப் பார்த்தபடியே நின்றேன்.  

அவர் குதித்திருக்கலாம். குதித்திருந்தால் தப்பித்திருப்பார். மூடி என்ன ஆகியிருக்கும், கீழே நின்ற நானும் இரண்டு ஆபரேட்டர்களும் என்ன ஆகியிருப்போம் என்பதை நினைக்கவே எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. அவர் குதிக்கவில்லை. தளர்த்திய நட்டில் ஸ்பேனரைத் திருப்பிப் போட்டு இறுக்க ஆரம்பித்தார். "வெளிய ஓடு மேடம்! ஷட்டர தூக்கு, ஷட்டர!" வெள்ளையாகச் சீறிய வாயுவுக்குள் அவருடைய வலது கை மணிக்கட்டு வரைக்கும் மறைந்திருந்தது. அந்தக் கையோடே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நட்டு இறுக்கினார். நான் ஷட்டரைத் தூக்கினேன், எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. சீறல் குறைந்தது. அவர் மேடையிலிருந்து இறங்கினார், இரண்டு அடி நடந்தார், அப்படியே மடங்கி விழுந்தார். அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். விழுந்த இடத்தில் மூச்சுக்குக் காற்று இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், காலையும் தோளையும் பிடித்து மூன்று பேருமாக முற்றத்துக்கு இழுத்து வந்தோம். முகம் நீலம் பாய்ந்திருந்தது. நான்கைந்து முறை இருமினார், கண்ணைத் திறந்தார். "மூடி கீதா?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் நுனியில் கருகிப்போயின, நெருப்பில் இல்லை, குளிரில். நுனிகளை எடுக்க வேண்டியதாயிற்று.

அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுச் சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தேன். ரியாக்டர் தானாகவே காலியாகி இருந்தது. குழாயில் கட்டியும் இல்லை, பனியும் இல்லை. டிரை ஐஸ் உருகி ஓடாது, ஆவியாகிக் காணாமல் போகும். மூடி வால்வுக்குக் கீழே தரையில் ஒரு கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. துடைத்தால் அதுவும் இல்லை.

விசாரணை வந்தது. கேஜைக் கழற்றிச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. வால்வுகளும் குழாயும் சுத்தமாக இருந்தன. அனுமதிச் சீட்டு இல்லை. மூன்றாம் நாள் சம்பத் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். 'ஊழியர் தேவராஜ், அழுத்தம் முழுதும் வெளியேறும் முன், எழுத்து அனுமதி பெறாமல் மூடியைத் தளர்த்தியதே விபத்துக்குக் காரணம்.' கீழே சாட்சியாக என் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இதுல ப்ராசஸ் மேல ஒரு குறையும் சொல்லல பாருங்க" என்றார் சம்பத். "உங்க ரியாக்டருக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த மாசம் அவங்களை மறுபடி கூப்பிடலாம்."

"தேவராஜுக்கு?"

"விதியை மீறினா என்னவோ அதான். வேலைல வச்சுக்க முடியாது."

என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. மூன்று வருஷம், லாரி, உப்பு, எங்கள் தெருத் தண்ணீர் எல்லாவற்றையும் எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டேன். இந்தச் செய்முறை நின்றால் எத்தனை பேருக்கு நஷ்டம் என்றுகூட வாதாடினேன். எல்லாம் சரியான வாதம்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் மின்சார ரயில் பிடித்து அண்ணனூர் போனேன். தேவராஜ் வீட்டில் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். "இவரு அவசரப்பட்டு கழட்டிட்டாராமே மேடம்? ஆபீஸ்லேருந்து வந்தவங்க சொன்னாங்கோ. நான் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. நீங்களே கேளுங்க. ஊட்ல ரெண்டு பசங்கள வெச்சிகினு இன்னா அவசரம் இந்தாளுக்கு? கூட இருந்தவங்களுக்கு எதுனா ஆயிருந்தா?"

நான் தேவராஜைப் பார்த்தேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் ஏதோ எண்ணெய் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மேடம்தான் கழட்டச் சொன்னாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் முகத்துக்கு எதிரே சொல்ல வேண்டாம் என்று நினைத்தாரா, நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. காபியைப் பாதியில் வைத்தேன்.

"அவர் அவசரப்படலம்மா" என்றேன். "நான்தான் அவசரப்பட்டேன். ஜீரோன்னு நான்தான் சொன்னேன். பேப்பர் எங்கன்னு அவர் கேட்டார். அப்புறம் தர்றேன்னு சொன்னதும் நான்தான்."

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. நான் பாதியில் வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தேவராஜ் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"ரயிலு ரெண்டே முக்காலுக்கு ஒண்ணு கீது மேடம்" என்றார். "அத்த உட்டா லேட்டாகும்."

நேராக வரதன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூடி வால்வைக் கொண்டு இறக்கியது, பனியைப் பார்த்தது, வாயால் சொன்னது. கைக்குட்டைமேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

"ஜீரோன்னு எப்படித் தெரியும்?"

"கேஜைப் பார்த்தேன் சார்."

"நீங்க கேஜைப் பார்த்தீங்க. கேஜ் எதைப் பார்த்துச்சு?"

 அவர் விடவில்லை. "குழாய்ல அடைப்பு இருந்ததுன்னு சொல்றீங்க. இப்ப அங்க ஒண்ணுமே இல்லையே. எப்படித் தெரியும்? தேவராஜைக் காப்பாத்த நீங்க கதை கட்டறீங்கன்னு சம்பத் சொல்லுவார்."

"செஞ்சு காட்டறேன் சார்."

மறுநாள் காலை, முற்றத்தில், மணல் மூட்டைகளுக்குப் பின்னால் என் பழைய டிபன் கேரியர் கலத்தை வைத்தேன். அதே மாதிரி இரண்டு வால்வு, நடுவில் ஒரு கேஜ். கலத்தில் தண்ணீர் ஊற்றி வாயுவை ஏற்றினேன். சம்பத், வரதன் சார், தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர், மூன்று பேரும் மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். வெளி வால்வை முழுக்கத் திறந்து வைத்து, மூடி வால்வை நீளக் கம்பியால் திருகினேன். முள் இறங்கியது. கலம் ஒழுங்காகக் காலியாகிவிட்டது. அடைக்கவில்லை! சம்பத் கடிகாரத்தைப் பார்த்தார்.  ஒரு மனிதனின் பெயர் ஒரு துண்டுப் பனியில் தொங்குகிறது, அந்தப் பனி வர மாட்டேன் என்கிறது.

மறுபடி ஏற்றினேன். இந்த முறை இன்னும் வேகமாக. முள் அறுபதிலிருந்து சரசரவென்று இறங்கி ஜீரோவில் படுத்தது. சீறல் நின்றது. 

"என்ன சார் காட்டுது?" என்று கேட்டேன்.

"ஜீரோதான்" என்றார் சம்பத். "மறுபடியும் காலியாயிடுச்சு. இதுல என்ன நிரூபிக்கறீங்க?"

ஸ்பேனரை எடுத்து அவரிடம் நீட்டினேன். "ஜீரோதானே? நீங்களே சொல்லிட்டீங்க. போய்க் கழட்டுங்க சார்."

அவர் கை நீண்டது. பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார், கேஜைப் பார்த்தார்.  நான் ஸ்பேனரை நீட்டியபடியே நின்றேன். கை வலித்தது, இறக்கவில்லை. மூன்று நிமிஷம் இருக்கும், நான்கு இருக்கும். டக்கென்று ஒரு சத்தம். முள் துள்ளி முப்பதில் போய் நின்றது, வாயு காது கிழியச் சீறியது. சம்பத் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

சத்தம் அடங்கியதும் கைப்பையிலிருந்து, கையெழுத்துப் போடாத அந்தக் காகிதத்தை எடுத்து அவர் சட்டைப் பைக்குள் வைத்தேன். செய்திருக்கக் கூடாதுதான். செய்தேன்.

அறிக்கை மாறியது. காரணம் என்ற இடத்தில் என் பெயர் வந்தது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, என் கோப்பில் கடைசிவரை இருந்தது. ரியாக்டருக்குப் பூட்டுப் போட்டார்கள். சரக்கை வாங்க வந்த கம்பெனி ஆட்கள் மறுபடி வரவில்லை. ஒன்றரை வருஷம் கந்தக அமிலமும் உப்பு லாரியும்தான். லாரி வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பிறகு மூடியின் மேலேயே நேராக இரண்டாவது கேஜ் வைத்து, சீட்டுப் புத்தகத்தை ரியாக்டர் காலிலேயே சங்கிலி போட்டுக் கட்டி, மறுபடி ஆரம்பித்தோம். இன்று நிற்கும் பெரிய ப்ளாண்ட் அதிலிருந்து வந்ததுதான்.

தேவராஜ் நான்கு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். ஸ்பேனரை மூன்று விரலால் பிடிக்கக் கற்றுக்கொண்டார். குழாய் குளிர்கிறதா என்று தொட்டுப் பார்க்க இடது கையை நீட்டுவார், வலதில் அந்த இரண்டு விரலுக்கும் குளிர் தெரியாது. ரியாக்டர் மறுபடி ஓட ஆரம்பித்த முதல் நாள், நான் இரண்டு கேஜையும் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு, "ஜீரோ" என்றேன். அவர் மேடைமேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்டி தெரியும் மேடம்?"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடானது. பதில் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டார். எத்தனை வருஷம்! ஒருநாள்கூட விட்டதில்லை. வெளியார் இருந்தாலும் கேட்பார், அவசரத்திலும் கேட்பார். சில நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னுமா இந்த ஆள் என்னை மன்னிக்கவில்லை என்று தோன்றும். ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன்.

போன வருஷம் என் கடைசி நாள். மத்தியானம் மாலை, சால்வை எல்லாம் ஆகிவிட்டது. மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது பழைய ரியாக்டரில் ஒரு சரக்கு திறக்க வேண்டியிருந்தது. நானே போனேன். பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன்.

"ஜீரோ, தேவராஜ்."

அவர் சிரித்தார். ஸ்பேனரை எடுத்து முதல் நட்டில் பொருத்தினார். கேட்கவில்லை.

"என்ன, கேக்கலையா?"

"உடு மேடம். இன்னைக்கு லாஸ்ட் நாளு. இன்னைக்குமா ஒன்னைய நிக்க வெச்சி கேக்கறது?"  பாசம்தான். எனக்குத் தெரியாதா?

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கைப்பிடிக் கம்பியில் மாட்டினேன்.

"ஸ்பேனரைக் கீழ வைங்க" என்றேன். "அன்னைக்கும் என்மேல இருந்த மரியாதைலதான் கழட்டினீங்க. கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

"எப்டி தெரியும் மேடம்?"

"வெளி வால்வுல இறக்கினேன். மூடி வால்வு முழுசாத் திறந்திருக்கு. ரெண்டு கேஜும் பாத்தேன். வெளி வால்வை மூடி இருபது நிமிஷம் காத்திருந்தேன், ரெண்டு முள்ளும் ஏறல. குழாயைக் கையால தொட்டுப் பாத்தேன், குளிரல. பேப்பர் இதோ."

அவர் குனிந்து இடது கையால் குழாயைத் தொட்டுப் பார்த்தார். சீட்டை வாங்கி, என் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் நட்டைத் திருகினார்.